ஃபயர்வால் கணினியில் எக்ஸ்710 அட்டை: ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கலாமா, அப்படியே விட்டுவிடலாமா?

நிழற்படக்கடை | கிருஷ்ணகிரி

எல்லோருக்கும் வணக்கம். கீழ்த்தளத்தில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ, மாடியில் குடியிருப்பு. இரண்டுக்கும் பொதுவாக ஒரு பழைய மேசைக் கணினியில் ஓபிஎன்சென்ஸ் என்ற இயங்குதளத்தை நிறுவி ஃபயர்வாலாக, அதாவது வலையமைப்புக்குக் காவலாக, ஓட்டுகிறேன். அதில் இன்டெல் எக்ஸ்710-டிஏ2 என்ற பத்து ஜிகாபிட் வலையமைப்பு அட்டை இருக்கிறது. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் சர்வரிலிருந்து கழற்றி விற்பார்களே, அந்த வகை. முதல் போர்ட் சேமிப்புப் பெட்டி இருக்கும் வலையமைப்புக்கு. இரண்டாவது போர்ட் சுவிட்ச் வழியாக எடிட்டிங் கணினிகளுக்கும் வைஃபைக்கும். இணைய இணைப்பு தாய்ப்பலகையிலேயே உள்ள போர்ட்டில் வருகிறது.

தொல்லை இரண்டு. கணினி எழும் ஒவ்வொரு முறையும், அட்டையில் இருக்கும் என்விஎம் (நிரந்தர நினைவகத் தொகுப்பு) பதிப்பு, அட்டையை இயக்கும் நிரலான டிரைவர் எதிர்பார்ப்பதைவிடப் பழையது, புதுப்பிக்கவும் என்று ஒரு வரி வருகிறது. அடுத்தது, ஒரு கல்யாணத்தின் மூலக்கோப்புகளை மொத்தமாக நகலெடுக்கும்போது நடுவில் இரண்டாவது போர்ட் விழுந்து, சில நொடிகளில் தானாக எழுந்துவிடுகிறது. நகல் மட்டும் அறுந்துபோகிறது.

ஃபர்ம்வேரை, அதாவது அட்டைக்குள்ளேயே ஓடும் மென்பொருளை, புதுப்பித்தால் இரண்டும் சரியாகுமா? ஆடி மாதம் என்பதால் கையில் வேலை குறைவு. ஆவணி முகூர்த்தங்கள் தொடங்குவதற்குள் முடித்துவிட வேண்டும். மைத்துனர் "கையை வைக்காதே, அட்டை செத்துவிடும்" என்கிறார்.

மாங்கூழ் | காவேரிப்பட்டினம்

நம் ஊருக்கு வரும் இணைய இணைப்பின் வேகத்துக்குப் பத்து ஜிகாபிட் அட்டையா? பந்திக்கு நாலு பேர் வருகிறார்கள் என்று அண்டாவில் சாம்பார் வைத்ததுபோல் இருக்கிறதே ஐயா.

நிழற்படக்கடை | கிருஷ்ணகிரி

இணையத்துக்காக இல்லை. மூன்று கேமராவில் இரண்டு நாள் கல்யாணம் எடுத்தால் டெராபைட் கணக்கில் சேர்கிறது. சேமிப்புப் பெட்டிக்கும் எடிட்டிங் கணினிக்கும் நடுவே ஃபயர்வால் இருக்கிறது. அந்த வழி குறுகினால் எடிட்டர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சம்பளம் நான் கொடுக்க வேண்டும்.

சாமல்பட்டி_ஜங்ஷன் | ஊத்தங்கரை

உங்கள் மைத்துனர் விவரம் தெரிந்தவர். ஓடிக்கொண்டிருக்கும் அட்டையின் ஃபர்ம்வேரில் கை வைப்பது வீண்வேலை. எழும்போது வரும் அந்த வரி ஓர் அறிவிப்பு, அவ்வளவுதான். டிரைவர் எழுதியவர்கள் தாங்கள் சோதித்த பதிப்பைச் சொல்கிறார்கள். அதைப் பார்த்துப் பதறி, நடுவில் மின்சாரம் போய், அட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இதே இடத்தில் வந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். விட்டுவிடுங்கள்.

தகடூரான் | தருமபுரி

இரண்டு தொல்லையையும் ஒரே முடிச்சாகக் கட்டாதீர்கள். எழும்போது வரும் வரிக்கும் போர்ட் விழுவதற்கும் தொடர்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இரண்டுக்கும் சேர்த்து ஒரு மருந்து கொடுத்துவிட்டு, எது எதனால் குணமானது என்று தெரியாமல் நிற்பதுதான் நம்மில் பலர் செய்வது.

முதலில் சில தகவல்கள் வேண்டும். கணினி எழும்போது டிரைவர் அட்டையைக் கண்டதும் ஒரு வரியில் மூன்று எண்கள் தரும்: ஃபர்ம்வேர் எண், ஏபிஐ எண், என்விஎம் எண். அந்த வரியை முழுதாக எழுதுங்கள். இந்த மூன்றையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். என்விஎம் என்பது அட்டையின் மேலிருக்கும் ஃபிளாஷ் சில்லில் உள்ள மொத்தத் தொகுப்பு. ஃபர்ம்வேர், அட்டையின் அமைப்புகள், ஒவ்வொரு போர்ட்டின் அடையாள எண்ணான எம்ஏசி முகவரி எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. ஏபிஐ எண் என்பது டிரைவரும் ஃபர்ம்வேரும் பேசிக்கொள்ளும் முறையின் பதிப்பு. பழையது, புதியது என்று டிரைவர் குறை சொல்வது இந்த ஏபிஐ எண்ணைப் பார்த்துத்தான்.

அடுத்து, கணினியில் செருகிய அட்டைகளைக் காட்டும் பிசிஐ சாதனங்களின் பட்டியலை எண்களோடு எடுங்கள். 8086:1572 என்று இருந்தால் இன்டெல் எக்ஸ்710, மாட்யூல் செருகும் எஸ்எஃப்பி+ வகை. அதற்குப் பக்கத்தில் துணை விற்பனையாளர் எண் என்று இன்னொன்று இருக்கும். அதுவும் 8086 என்றால் இன்டெலின் சொந்த அட்டை. 1028 என்றால் டெல், 1590 என்றால் ஹெச்பிஇ, 1137 என்றால் சிஸ்கோ பெயரில் போன அட்டை. பின்னதெல்லாம் வேறு கதை. இன்டெலின் கருவி அவற்றைத் தொடாது, புதுப்பிப்பு இல்லை என்று சொல்லிவிடும். அந்தந்த நிறுவனத்தின் தொகுப்பைத்தான் தேட வேண்டும்.

கடைசியாக, போர்ட் விழும் நேரத்தில் கணினியின் குறிப்பேட்டில் (லாக்) பதிவாகும் வரிகள். இரண்டாவது போர்ட்டில் என்ன மாட்யூல், என்ன கேபிள் என்றும் சொல்லுங்கள். ஒரு போர்ட் மட்டும் விழுகிறது என்றால் எனக்கு ஃபர்ம்வேர் மேல் சந்தேகம் வருவதில்லை.

நிழற்படக்கடை | கிருஷ்ணகிரி

நன்றி அண்ணா. ஃபர்ம்வேர் 5.0.40043, ஏபிஐ 1.5, என்விஎம் 5.05. துணை விற்பனையாளர் எண்ணும் 8086 தான்.

குறிப்பேட்டில் இணைப்பு விழுந்தது, எழுந்தது என்பதைத் தவிர வேறு வரி இல்லை. முதல் போர்ட்டில் ஒளியிழை மாட்யூல். இரண்டாவதில் செம்புக் கேபிள் செருகும் ஆர்ஜே45 மாட்யூல். வீட்டில் கேட்6 கேபிள் மிச்சம் இருந்ததால் அதை வாங்கினேன். மறுமுனையில் சுவிட்ச்சிலும் அதே போன்ற மாட்யூல். சுவிட்ச் இதே அலமாரியில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

வத்தல்மலை | தருமபுரி

கல்லூரி ஆய்வகத்தில் இதே கூத்தைப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். அடுத்த முறை பெரிய கோப்பு நகலாகும்போது அந்தச் செம்பு மாட்யூலை விரலால் தொட்டுப் பாருங்கள். எஸ்எஃப்பி+ மாட்யூலுக்கென வகுக்கப்பட்ட மின்செலவின் உச்சம் வழக்கமாக 1.5 வாட். பத்து ஜிகாபிட் வேகத்தில் ஓடும் செம்பு மாட்யூல்கள் பல 2 வாட்டைத் தாண்டும். சர்வருக்குள் காற்று சீறிக்கொண்டு போகும். உங்கள் மேசைக் கணினியில் அந்த அட்டையின் பக்கம் விசிறியே இருக்காது. சூடேறினால் மாட்யூல் விழும், ஆறினால் எழும்.

கைக்கெட்டும் தூரத்துக்கு இரண்டு மாட்யூலும் ஒரு கேட்6 கேபிளும் எதற்கு? ஒரு மீட்டர் டேக் கேபிள் வாங்குங்கள். இரு முனையிலும் உலோகத் தலையோடு முழுதாக வருமே, அது. சூடும் குறைவு, செலவும் குறைவு. எக்ஸ்710 வெளி நிறுவன ஒளியிழை மாட்யூல்களைச் சில நேரம் ஏற்காமல் முரண்டு பிடிக்கும். சாதாரண டேக் கேபிளில் அந்தத் தகராறு பெரும்பாலும் வருவதில்லை.

ஓசூர்_இரவுப்பணி | ஓசூர்

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னுடையது விசிறி இல்லாத சிறு பெட்டிக் கணினி, நான்கு இன்டெல் ஐ226-வி போர்ட்டுகள், லினக்ஸ் அடிப்படையிலான ஃபயர்வால். வீட்டிலிருந்து பெங்களூரு நிறுவனத்துக்கு இரவு வேலை. அமைதியாக இருக்கும் நேரத்தில் ஒரு போர்ட் காணாமல் போகிறது. கணினியை மறுபடி இயக்கினால்தான் வருகிறது. பிசிஐஇ இணைப்பு அறுந்தது, சாதனம் பிரிக்கப்பட்டது என்று பதிவாகிறது. விற்ற இணையக் கடையில் கேட்டால் ஏதோ ஒரு பகிர்வு இணைப்பில் ஒரு ஃபர்ம்வேர் கோப்பை அனுப்புகிறார்கள். ஏற்றலாமா?

வத்தல்மலை | தருமபுரி

ஏற்றாதீர்கள். அந்தச் செய்தி பிசிஐஇ மின்சேமிப்பைத்தான் சுட்டுகிறது. கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் ஏஎஸ்பிஎம் என்று ஓர் அமைப்பு இருக்கும், அதை முடக்குங்கள். பயாஸில் இல்லையென்றால் லினக்ஸ் கெர்னலுக்குத் தரும் அளபுருவில் ஏஎஸ்பிஎம்மை நிறுத்தலாம். கூடவே, ஈத்தர்நெட் மின்சேமிப்பான இஇஇ வசதியையும் எத்டூல் என்ற கட்டளை மூலம் அணையுங்கள்; ஐ226 போர்ட்டுகள் விழுந்து எழுவதாக வந்த புகார்கள் பலவற்றில் இதை அணைத்ததும் தொல்லை நின்றிருக்கிறது.

ஐ225, ஐ226 குடும்பம் எக்ஸ்710 போன்றதல்ல. இவற்றின் என்விஎம் கோப்பு பொதுவாகப் பலகை தயாரித்தவர் வழியாக வரவேண்டியது. யாரோ ஒருவர் தன் அட்டையிலிருந்து உறித்தெடுத்த முழுக் கோப்பாக அது இருந்தால், அவருடைய எம்ஏசி முகவரியும் சேர்ந்து உங்கள் நான்கு போர்ட்டிலும் உட்கார்ந்துகொள்ளும். பிறகு நான்கு போர்ட்டும் ஒரே முகவரியோடு நிற்கும்.

மாங்கூழ் | காவேரிப்பட்டினம்

என் பெட்டியில் ரியல்டெக் 8125 வலையமைப்புச் சில்லு. அதற்கும் இந்த ஃபர்ம்வேர் சடங்கு உண்டா?

தகடூரான் | தருமபுரி

அதற்கு வேறு ஏற்பாடு. லினக்ஸில் ஆர்8169 டிரைவர் ஒவ்வொரு முறை எழும்போதும் வட்டிலிருந்து ஒரு சிறு ஃபர்ம்வேர் கோப்பை எடுத்துச் சில்லுக்குள் ஊட்டுகிறது. மின்சாரம் போனால் அது மறந்துபோகும், அடுத்த முறை மறுபடி ஊட்டும். லினக்ஸ்-ஃபர்ம்வேர் தொகுப்பைப் புதுப்பித்தால் அதுவும் புதுசாகிவிடும். அட்டைக்குள் நிரந்தரமாக எதையும் எழுதவில்லை என்பதால் பயமும் இல்லை.

நிழற்படக்கடை | கிருஷ்ணகிரி

வத்தல்மலை அம்மா சொன்னதுபோல் தொட்டுப் பார்த்தேன். விரலை வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். டேக் கேபிள் வாங்கி மாற்றினேன். அதன்பிறகு ஒரு கல்யாணத்தின் கோப்புகள் முழுவதையும் இங்கிருந்து அங்கும், அங்கிருந்து இங்கும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். போர்ட் ஒருமுறைகூட விழவில்லை. எழும்போது வரும் வரி மட்டும் அப்படியே இருக்கிறது.

சாமல்பட்டி_ஜங்ஷன் | ஊத்தங்கரை

பார்த்தீர்களா? ஃபர்ம்வேரைத் தொடாமலே தீர்ந்தது. இந்த இழையை இத்தோடு மூடலாம்.

தகடூரான் | தருமபுரி

மூடலாம்தான், ஆனால் அந்த 5.05 என்ற எண் எனக்கு உறுத்துகிறது. எழும்போது வரும் வரிக்காகச் சொல்லவில்லை. அதை நானும் பொருட்படுத்த மாட்டேன்.

2019 நவம்பரில் இன்டெல் 700 வரிசை ஈத்தர்நெட் அட்டைகளுக்கு ஒரு பாதுகாப்பு அறிக்கை வெளியிட்டது. அதில் உள்ள குறைகளில் ஒன்றுக்குப் பொதுப் பட்டியலில் தந்த எண் சிவிஇ-2019-0140. 7.0-க்கு முந்தைய ஃபர்ம்வேரில் இடையக வழிவு, அதாவது ஒதுக்கிய நினைவக இடத்தைத் தாண்டித் தரவு வழிவது. கடவுச்சொல் எதுவும் இல்லாத ஒருவர், பக்கத்து வலையமைப்பில் இருந்தபடியே அட்டைக்குள் தன் அதிகாரத்தை உயர்த்திக்கொள்ள வாய்ப்பு உண்டு என்பது அதன் சாரம். எக்ஸ்710 அந்த 700 வரிசையில்தான் வருகிறது. உங்களுடையது 5.05.

ஓபிஎன்சென்ஸில் நீங்கள் என்ன விதி எழுதினாலும் அது இயங்குதளத்தில் ஓடும் விதி. வலையமைப்பில் வரும் தரவுப் பொட்டலம் அங்கே போய்ச் சேர்வதற்கு முன்பே அட்டையின் ஃபர்ம்வேர் அதைத் தொட்டுவிடுகிறது. வாசலில் நிற்கும் காவல்காரருக்கும் முன்னால் இன்னொருவர் நிற்கிறார், அவர் 2019-க்கு முந்தைய ஆள். ஃபயர்வால் அல்லாத ஒரு கணினியில் இந்த அட்டை இருந்தால் நானும் சாமல்பட்டியாரோடு சேர்ந்து விட்டுவிடச் சொல்லியிருப்பேன்.

சாமல்பட்டி_ஜங்ஷன் | ஊத்தங்கரை

பக்கத்து வலையமைப்பு என்றால் அதே சுவிட்ச்சில் இருக்க வேண்டும். அவருடைய இணையமோ தாய்ப்பலகை போர்ட்டில் வருகிறது. இரண்டாவது போர்ட்டில் இருப்பது அவருடைய எடிட்டர்தான். எடிட்டர் இடையக வழிவு எழுதப் போகிறாரா? அவருக்குக் கல்யாணப் பெண்ணின் முகத்தில் வெளிச்சம் கூட்டவே நேரம் போதவில்லை. சிவிஇ எண்ணைக் காட்டிப் பயமுறுத்துவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது.

நிழற்படக்கடை | கிருஷ்ணகிரி

எடிட்டர் மட்டும் இல்லை ஐயா. ஆல்பம் பார்க்க வரும் குடும்பத்தார் எல்லோரும் வைஃபை கேட்பார்கள். அந்த வைஃபை பெட்டியும் அதே சுவிட்ச்சில்தான் இருக்கிறது. வீலேன் வைத்து ஒரே சுவிட்ச்சைத் தனித்தனி வலையமைப்புகளாகப் பிரித்திருக்கிறேன், ஆனாலும் அந்தப் பொட்டலங்கள் எல்லாம் இதே இரண்டாவது போர்ட் வழியாகத்தான் ஃபயர்வாலுக்கு வருகின்றன. பென்டிரைவில் வைரஸோடு வந்து எடிட்டிங் கணினியில் செருகச் சொல்பவர்களும் உண்டு.

சாமல்பட்டி_ஜங்ஷன் | ஊத்தங்கரை

வைஃபையை முதலில் சொல்லியிருக்க வேண்டும். அப்படியானால் புதுப்பிப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மின்சாரத்துக்கு என்ன வழி என்று யாராவது சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். ஆடிக் காற்றில் எங்கள் பக்கம் கம்பி உரசாத நாளே கிடையாது.

பாலக்கோடு_கேபிள் | பாலக்கோடு

மின்சாரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். ஊர் முழுக்க ஒளியிழைப் பெட்டிகளை உயிரோடு வைத்திருப்பதே எனக்குப் பாதி வேலை.

மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்நிறுத்த அறிவிப்பை முந்தின நாளே செய்தித்தாளில் பாருங்கள். அந்த நாளை விட்டுவிடுங்கள். மறுநாளும் வேண்டாம், வேலை முடிந்து மின்சாரம் வந்தபிறகு சில நேரம் விட்டுவிட்டு வரும். வீட்டு இன்வெர்ட்டரை நம்பாதீர்கள் என்று சொல்லமாட்டேன், அதன் பின்புறம் இருக்கும் சுவிட்ச்சைப் பாருங்கள் என்கிறேன். பல இன்வெர்ட்டர்களில் யூபிஎஸ், எக்கோ என்று இரண்டு நிலை இருக்கும். எக்கோ நிலையில் மின்சாரம் மாறும் இடைவெளி நீளம். விளக்குக்கும் விசிறிக்கும் அது தெரியாது, கணினி அணைந்து எழுந்துவிடும். யூபிஎஸ் நிலைக்கு மாற்றுங்கள். மாற்றியபின் ஃபயர்வாலை வெறுமனே ஓடவிட்டு, மெயின் சுவிட்ச்சை நீங்களே இறக்கிப் பாருங்கள். அசையாமல் நின்றால் மட்டும் வேலையைத் தொடங்குங்கள். தனி யூபிஎஸ் இருந்தால் அதன் பேட்டரியையும் இப்படிச் சோதியுங்கள். செத்த பேட்டரியோடு பச்சை விளக்கு காட்டும் யூபிஎஸ்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம்.

இன்னொன்று, எம்ஏசி முகவரி. எங்களைப்போன்ற உள்ளூர் இணைப்பாளர்கள் சிலர் வாடிக்கையாளரின் எம்ஏசியைக் கட்டிவைத்திருப்போம். இவருக்கு இணையம் வேறு போர்ட்டில் வருவதால் கவலை இல்லை. இணையம் வரும் அட்டையிலேயே ஃபர்ம்வேர் மாற்றுபவர்கள் முகவரியை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மாறிப்போய் இணையம் நின்றால், ராத்திரி பத்து மணிக்கு என்னைத்தான் கூப்பிடுவீர்கள்.

தகடூரான் | தருமபுரி

சரி, செய்வதென்று ஆனபின் ஒழுங்காகச் செய்யலாம்.

கருவியின் பெயர் என்விஎம் அப்டேட் யூட்டிலிட்டி. இன்டெலே 700 வரிசைக்கு வெளியிடுகிறது; விண்டோஸ், லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, இஎஃப்ஐ என்று தனித்தனியாகக் கிடைக்கும். ஓபிஎன்சென்ஸ் ஃப்ரீபிஎஸ்டி மேல் ஓடுவதால், ஃப்ரீபிஎஸ்டி கருவியை அதிலேயே ஓட்ட முடியும். நான் அப்படிச் செய்ய மாட்டேன். ஓடிக்கொண்டிருக்கும் ஃபயர்வாலில் அட்டையைப் பத்து வேலைகள் பிடித்துக்கொண்டிருக்கும். லினக்ஸை நேரடியாக இயக்கும் பென்டிரைவ் ஒன்றைத் தயார் செய்து, அதிலிருந்து எழுப்புங்கள். இந்த அட்டைக்கான லினக்ஸ் டிரைவரான ஐ40இ அதிலேயே இருக்கும்.

எந்தப் பதிப்பை ஏற்றுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆகக் கடைசி வெளியீடு என்பதற்காக அதை எடுக்காதீர்கள். என்விஎம் டிரைவரைவிட மிகப் புதிதாகிவிட்டால், எதிர்பார்த்ததைவிடப் புதியது, டிரைவரைப் புதுப்பிக்கவும் என்று அதே டிரைவர் இன்னொரு குறை சொல்லத் தொடங்கும். இந்த வரிசைக்கு எந்த டிரைவரோடு எந்த என்விஎம் என்று இன்டெல் ஒரு பொருத்த அட்டவணை வைத்திருக்கிறது. உங்கள் ஓபிஎன்சென்ஸில் இதே அட்டைக்காக இருக்கும் ஐஎக்ஸ்எல் டிரைவரின் பதிப்பைப் பார்த்து, அதற்கு நேரே உள்ள என்விஎம்மை எடுங்கள். 7.0-க்கு மேலே இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நம் நிபந்தனை. வெளியீட்டுக் குறிப்பையும் படியுங்கள். மிகப் பழைய பதிப்பிலிருந்து தாவும்போது இடையில் ஒரு பதிப்பை ஏற்றச் சொல்கிறதா, பழையதற்குத் திரும்ப வழி விடுகிறதா என்பதெல்லாம் அதில்தான் தெரியும். திரும்பலாம் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

வேலையைத் தொடங்குவதற்கு முன் ஓபிஎன்சென்ஸ் அமைப்புக் கோப்பை இறக்கி வேறு கணினியில் வையுங்கள். கருவியின் தொகுப்பு, அதன் குறிப்பு, பென்டிரைவ் எல்லாம் முந்தின நாளே கையில் இருக்கட்டும். ஃபயர்வால் இறங்கியபின் வீட்டில் இணையம் இருக்காது. கைப்பேசியில் டேட்டா இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கருவியை முதலில் இருப்பறியும் முறையில் ஓட்டுங்கள். எதையும் எழுதாது, அட்டையைப் பார்த்து, புதுப்பிப்பு உண்டா என்று மட்டும் சொல்லும். அடுத்த ஓட்டத்தில் காப்புப் பிரதி எடுக்கும் விருப்பத்தைச் சேருங்கள். அந்தப் பிரதியைக் கணினியை அணைக்கும் முன் வேறு பென்டிரைவுக்கு மாற்றிவிடுங்கள். நேரடி லினக்ஸ் நினைவகத்தில்தான் ஓடுகிறது என்பதை மறந்து, காப்புப் பிரதியோடு சேர்த்து அணைத்தவர்கள் உண்டு.

எழுதும்போது திரை வெகுநேரம் அசையாமல் நிற்கும். அப்போது விசைப்பலகையைத் தொடாதீர்கள். முடிந்தபின் மறுபடி இயக்கினால் மட்டும் போதாது. கணினியை அணைத்து, மின்கம்பியையே உருவுங்கள். கணினி அணைந்திருந்தாலும் காத்திருப்பு மின்சாரம் அட்டைக்குப் போய்க்கொண்டிருக்கும். பழைய ஃபர்ம்வேரே ஓடிக்கொண்டிருக்கும்.

மைத்துனருக்கும் ஒரு செய்தி. நடுவில் கெட்டாலும் இந்த வரிசைக்கு மீட்பு நிலை என்று ஒன்று இருக்கிறது. ஃபர்ம்வேர் மீட்பு நிலையில் இருக்கிறது, வசதிகள் குறைக்கப்பட்டுள்ளன என்று டிரைவர் சொல்லும். அந்த நிலையில் கருவியை மறுபடி ஓட்டி எழுதலாம். எல்லா விபத்துக்கும் அது கைகொடுக்கும் என்று உத்தரவாதம் தர மாட்டேன், ஆனால் மின்சாரம் போனால் அட்டை குப்பைக்குத்தான் என்பதும் உண்மை இல்லை.

மாங்கூழ் | காவேரிப்பட்டினம்

அப்படியும் செத்தால் சிஎச்341ஏ புரோகிராமரும் எட்டுக்கால் கிளிப்பும் வாங்கி, ஃபிளாஷ் சில்லில் நேராகக் கவ்வி எழுதலாம் என்று வீடியோ பார்த்தேன்.

வத்தல்மலை | தருமபுரி

எழுதலாம், கையில் காப்புப் பிரதி இருந்தால். அந்தக் கறுப்பு நிறப் புரோகிராமர்களில் பல, 3.3 வோல்ட் சில்லின் தரவுக் கால்களில் 5 வோல்ட்டைத் தள்ளுகின்றன. வாங்கியதும் மல்ட்டிமீட்டரால் அளந்து பாருங்கள். அது வரைக்கும் போகாமல் முடிந்தால் நல்லது.

நிழற்படக்கடை | கிருஷ்ணகிரி

முடித்துவிட்டேன். வீட்டார் ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போயிருந்த நேரம். இணையம் எங்கே என்று மாடியிலிருந்து யாரும் கத்தவில்லை.

இன்வெர்ட்டர் எக்கோ நிலையில்தான் இருந்தது. மாற்றி, மெயினை இறக்கிச் சோதித்தபிறகே பென்டிரைவைச் செருகினேன். பொருத்த அட்டவணையைப் பார்த்து 8.50 எடுத்தேன், என் பதிப்பிலிருந்து இடையில் வேறு எதுவும் ஏற்றவேண்டி வரவில்லை.

ஒரு சிறு தடங்கல். கருவியை பென்டிரைவிலிருந்தே ஓட்டினால் அனுமதி இல்லை என்று மறுத்தது. அந்த பென்டிரைவ் எஃப்ஏடி32 முறையில் இருந்ததால், அதிலிருந்து நிரலை இயக்க லினக்ஸ் விடவில்லை. தொகுப்பை வீட்டுக் கோப்புறைக்கு நகலெடுத்து, அங்கே விரித்து, ரூட் அனுமதியோடு ஓட்டியதும் வேலை செய்தது. தொகுப்பை நகலெடுத்த பிறகு விரிப்பது முக்கியம். விரித்ததை நகலெடுத்தால் இயக்க அனுமதி போய்விடுகிறது.

இருப்பறியும் ஓட்டத்தில் இரண்டு போர்ட்டுக்கும் சேர்த்து ஒரே வரிசை காட்டியது, நேரே புதுப்பிப்பு உண்டு என்று இருந்தது. எழுதும்போது சதுர அடைப்புக்குள் நட்சத்திரக் குறிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. ஓரிடத்தில் நின்றது பாருங்கள், ஃபயர்வாலின் விசிறிச் சத்தத்தைத் தவிர எதுவும் இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பிறகு தானாக நகர்ந்து முடிந்தது.

மின்கம்பியை உருவியபிறகும் அட்டையின் போர்ட் விளக்கு கொஞ்சம் எரிந்து மங்கியது. கணினியின் பொத்தானை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தையும் வடித்துவிட்டுத்தான் மறுபடி செருகினேன். இப்போது என்விஎம் 8.50 என்று வருகிறது. பழையது என்றும் சொல்லவில்லை, புதியது என்றும் சொல்லவில்லை. இரண்டு எம்ஏசி முகவரியும் முன்பு எழுதிவைத்ததோடு ஒத்துப்போகின்றன.

வேகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. யாராவது வேகம் கூடும் என்று இதைச் செய்ய நினைத்தால் வேண்டாம்.

தகடூரான் | தருமபுரி

நன்று. இன்னொன்று இருக்கிறது, சாதனங்கள் தங்களைப் பக்கத்துச் சாதனங்களுக்கு அறிமுகம் செய்துகொள்ளும் எல்எல்டிபி முறையை உங்கள் சுவிட்ச் பயன்படுத்துமானால், ஃபயர்வாலில் அந்தச் சுவிட்ச் தெரிகிறதா என்று பாருங்கள். எக்ஸ்710 ஃபர்ம்வேருக்குள்ளேயே ஓர் எல்எல்டிபி முகவர் உட்கார்ந்து, வரும் எல்எல்டிபி பொட்டலங்களைத் தானே விழுங்கிவிடும். ஓபிஎன்சென்ஸ் வரை எதுவும் வராது. புதிய பதிப்பில் அதை டிரைவர் வழியாக அணைக்கலாம். ஃப்ரீபிஎஸ்டியில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனியாக எஃப்டபிள்யூ-எல்எல்டிபி என்று இயங்குதள அமைப்பு மாறி (சிஸ்சிடிஎல்) ஒன்று உண்டு, அதைச் சுழியமாக்குங்கள்.

சாமல்பட்டி_ஜங்ஷன் | ஊத்தங்கரை

வாழ்த்துகள். ஆனால் என் கட்சியில் மாற்றமில்லை. இவர் செய்தது சரி, ஏனென்றால் இவருக்குக் காரணம் இருந்தது. எழும்போது வரும் வரியைப் பார்த்து மட்டும் இந்த இழையைத் தேடி வருகிறவர்கள் அதை விட்டுவிடுங்கள்; போர்ட் விழுகிறது என்று வருகிறவர்கள் முதலில் கேபிளை மாற்றிவிட்டு வாருங்கள்.

ஓசூர்_இரவுப்பணி | ஓசூர்

ஏஎஸ்பிஎம்மை பயாஸில் முடக்கினேன், இஇஇ-யையும் அணைத்தேன். அதன்பிறகு போர்ட் காணாமல் போகவில்லை. கடைக்காரர் அனுப்பிய கோப்பைத் திறக்கவே இல்லை. பெட்டி முன்பைவிடச் சற்று வெதுவெதுப்பாக இருக்கிறது, அது இயல்பா?

வத்தல்மலை | தருமபுரி

இயல்புதான். மின்சேமிப்பை அணைத்தால் அந்த மின்சாரம் வெப்பமாகத்தான் வெளியே வரும். பெட்டியை மோடத்தின் மேல் அடுக்கி வைத்திருந்தால் பிரித்து வையுங்கள்.

மாங்கூழ் | காவேரிப்பட்டினம்

கேலி செய்த வாயாலேயே கேட்கிறேன். தொழிற்சாலையில் கூழ் சீசன் முடிந்ததும் எனக்கும் ஒரு எக்ஸ்710 வாங்கலாம் என்று எண்ணம். எஸ்.பி. ரோட்டில் என்ன கேட்டு வாங்க வேண்டும்?

தகடூரான் | தருமபுரி

அட்டையின் பின்புற ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கடையில் ஒரு கணினியில் செருகி, பிசிஐ பட்டியலில் துணை விற்பனையாளர் எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். 8086 என்றால் எடுங்கள். 1028, 1590, 1137 என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். அட்டை நன்றாகவே ஓடும், ஆனால் ஃபர்ம்வேருக்கு அந்த நிறுவனத்தின் தொகுப்பைத் தேட வேண்டும், சில தொகுப்புகள் அவர்களுடைய சர்வரில் மட்டும்தான் ஓடும். எண்ணைக் காட்ட மாட்டேன் என்றால் பக்கத்துக் கடைக்குப் போங்கள். உயரம் குறைந்த பெட்டி என்றால் அட்டையைப் பெட்டியில் பொருத்தும் குட்டைப் பட்டையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். பின்னால் தனியாகத் தேடினால் கிடைக்காது.